கோல் ராணியின் இன்னொரு கண்

"என் ராஜாவுக்கு என்ன குறை டீச்சர்?"

செலஸ்தீன் டீச்சர் மேசைமேல் கிடந்த படச்சீட்டை எடுத்து நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்தாள். அதன் முன்னால் தன் காப்பி டம்ளரை நகர்த்தினாள்.

பிறகு கன்னத்தில் கை வைத்து அதையே பார்த்தாள்.

"என்ன டீச்சர் பண்றீங்க?"

"உங்க ராஜா குடிப்பாரான்னு பாக்குறேன் அக்கா."

அது கோப்பை ராஜா. ஜரிகை அங்கவஸ்திரம், முத்துமாலை, முறுக்கு மீசை. நீலக் கோப்பை ஒன்றை மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"எவ்வளவு நேரமா இப்படியே தூக்கிட்டு நிக்கிறாரு? கை வலிக்காதா?" என்றாள் டீச்சர்.

காப்பி ஆறிப்போயிற்று. ராஜா குடிக்கவில்லை. ராஜாவை வரைந்தவள் சீட்டுகளை வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். முகம் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது.

*

குரு என்றால் நரைத்திருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. இங்கே நரை சிஷ்யைக்குத்தான்.

டீச்சருக்கு முப்பது வயதுக்குச் சற்று மேலே. புதுச்சேரியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் டாரட் என்னும் படச்சீட்டுகளை விரித்துக் குறி பார்ப்பவள். அறையில் இரண்டே நாற்காலி. ஜன்னலோரப் பிரம்பு நாற்காலி, பார்க்கிறவளுக்கு. எதிரே உள்ள மர நாற்காலி, கேட்க வருகிறவர்களுக்கு.

சிஷ்யை பண்ருட்டிப் பக்கம் ஒரு கொலு பொம்மைப் பட்டறையில் கண் எழுதுகிறவள். காகிதக் கூழ் கிளற ஒருவர், அச்சில் அடிக்க ஒருவர், வர்ணம் பூச நாலைந்து பேர். எல்லாம் முடிந்து கடைசியில் பொம்மை இவளிடம் வரும். இவள் கண் எழுதினால்தான் அது பெருமாள். அதுவரை வெறும் காகிதக் கூழ்தான்.

பட்டறையில் இவளைக் 'கண்ணுக்காரம்மா' என்பார்கள். பெயர் இல்லாமல் இல்லை. யாரும் கூப்பிடாததால் அவளும் அதை வெளியே எடுப்பதில்லை. நேரம் வரும்போது அவளே சொல்லட்டும்.

பொம்மையின் அடியில் கடை முத்திரை இருக்கும். கண் எழுதியவள் பெயர் இருக்காது. அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். ஒவ்வொரு நவராத்திரியிலும் ஊர் ஊராக வீடு வீடாகத் தன் கண்கள் படியேறி உட்கார்ந்திருப்பதை நினைத்து அவள் பூரித்துப்போவாள். உடனேயே, யாருக்கும் தெரியாதே என்று அந்தப் பூரிப்பு பாதியாகிவிடும்.

*

அவள் முதன்முதலாக மாடியேறியது மர நாற்காலியில் உட்காரத்தான். என்ன கேட்க வந்தாள் என்பது இப்போது அவளுக்கே மறந்துவிட்டது. டீச்சர் எடுத்து வைத்த சீட்டில் ஒரு ராணி இருந்தாள்.

"இது யாருன்னு தோணுது?" என்று டீச்சர் கேட்டாள்.

இவள் குனிந்து பார்த்தாள். "யாரோ இருந்துட்டுப் போகட்டும். இந்தக் கண்ணை யாரு எழுதினது? ஒண்ணு மேல ஏறிப் போகுது, ஒண்ணு கீழ இறங்கிப் போகுது. எங்க பட்டறையா இருந்தா அழிச்சிட்டு எழுதுன்னு சொல்லியிருப்பேன்."

"நான்தான் வரைஞ்சேன்."

வேறு யாராவது என்றால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். இவள் "ஓஹோ" என்றாள்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நீங்க வரைங்க."

"வரைஞ்சா?"

"வரைஞ்சா இது." டீச்சர் தான் உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலியின் கையைத் தட்டிக் காட்டினாள். "சீட்டுப் பாக்க நான் சொல்லித் தர்றேன். ஆனா இதுல உக்காரணும்னா அரண்மனைச் சீட்டு பதினாறும் உங்க கையால எழுதினதா இருக்கணும். மத்தது கடையில வாங்கிக்கலாம்."

"பேரு போட்டுக்கலாமா?"

டீச்சர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க சீட்டு. உங்க பேரு."

அன்று ஊர் திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே போனாள். உட்கார முடியாத அளவுக்குச் சந்தோஷம்.

*

டாரட் சீட்டுக்கட்டில் அரண்மனைக்காரர்கள் பதினாறு பேர். வீடு நான்கு.

கோப்பை வீட்டுக்காரர்களுக்கு மனசு பெரிது. வாள் வீட்டில் புத்தியும் பேச்சும் கூர்மை. காசு வீட்டுக்காரர்களுக்கு நிலம், நெல், வியாபாரம். கையில் மரக்கோல் பிடித்த கோல் வீடு நெருப்பு. எடுத்ததை முடிக்காமல் சோற்றில் கை வைக்காதவர்கள்.

வீட்டுக்கு ஒரு சேவகன், ஒரு குதிரைக்காரன், ஒரு ராணி, ஒரு ராஜா.

"சேவகன் இப்பத்தான் கத்துக்குறவன்," என்றாள் டீச்சர். "குதிரைக்காரன் கத்துக்கிட்டதைத் தூக்கிக்கிட்டு ஓடுறவன். ராணி உள்ளுக்குள்ள ஆளுறவ. ராஜா ஊரறிய ஆளுறவரு. மத்த சீட்டெல்லாம் என்ன நடக்குதுன்னு சொல்லும் அக்கா. இந்தப் பதினாறு பேரும் யாரு நடத்துறாங்கன்னு சொல்லுவாங்க."

"சரி டீச்சர்."

சரி என்று வாய்தான் சொன்னது. மனசுக்குள் அவள் ஏற்கெனவே கொலுப்படி கட்டிவிட்டாள். மேல்படியில் ராஜாக்கள், அடுத்த படியில் ராணிகள். எல்லோருக்கும் வட்ட முகம், எல்லோருக்கும் அதே புன்னகை, எல்லோரும் நேர் எதிரே பார்த்தபடி. பதினாறு பேரையும் எழுதி முடித்தாள். சேவகனுக்கு மீசையை அழித்தால் ராணி ஆகிவிடுவான்.

அவர்களில் ஒருவருக்கு முன்னால்தான் டீச்சர் காப்பி டம்ளரை வைத்தாள்.

*

அவமானப்பட்டவள் நேராக டீக்கடைக்குப் போனாள். டீ குடிக்க அல்ல.

கடையில் ஒருவர்கூட டம்ளரை மார்புக்கு நேராகப் பிடிக்கவில்லை. பேச்சு சுவாரஸ்யத்தில் ஒருவன் டம்ளரைச் சாய்த்தே பிடித்திருந்தான், டீ விளிம்புக்கு வந்து நின்றது. ஒரு கிழவர் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சூடு வாங்கினார். ஒரு பெண் குடிக்காமல் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா வேணும்?" என்றார் கடைக்காரர்.

"கை," என்றாள்.

அவர் பயந்துபோய் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

இரண்டாவது முறை கொண்டுவந்த சீட்டுகளில் கைகளுக்கு உயிர் வந்திருந்தது. கோப்பை கனத்தது. வாளைப் பிடித்த மணிக்கட்டில் நரம்பு தெரிந்தது.

டீச்சர் அவற்றைப் புரட்டிப் பார்த்தாள். அன்று சீட்டுக் கேட்க வந்திருந்த பெண்ணிடம் அந்தச் சீட்டுக்கட்டையே கொடுத்துக் கலைக்கச் சொல்லி, வாங்கி விரித்தாள்.

வந்தவள் ஒரு கம்பெனியில் மேலாளர். தம்பி தன்னோடு பேசுவதில்லை என்று சொன்னாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டு சீட்டுகள் விழுந்தன. வாள் ராணி, பக்கத்தில் கோப்பை ராஜா.

"இவங்க யாரு?"

வந்தவள் பார்த்தாள். "தெரியலையே மேடம். ஏதோ கல்யாண போட்டோ மாதிரி இருக்கு."

டீச்சர் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, தன் பழைய சீட்டுக்கட்டிலிருந்து அதே ராணியையும் அதே ராஜாவையும் தேடி வைத்தாள். கோழி கிறுக்கியது போன்ற படங்கள். ராஜா தோளைத் திருப்பி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ராணி அவர் பக்கமே திரும்பி ஒரு கையை நீட்டியிருந்தாள். மற்றொரு கையில் வாள்.

வந்தவள் இரண்டு சீட்டையும் தன் பக்கம் இழுத்தாள்.

"இது என் தம்பி," என்றாள் கடைசியில். "கோவம் வந்தா சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் தோளைத் திருப்பிக்குவான்." அப்புறம் ராணியைத் தொட்டாள். "நான்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேனேன்னு நெனச்சேன். வாளைக் கீழ வைக்காமலேதான் கூப்பிட்டிருக்கேன்."

அவள் அழுதாள். டீச்சர் தண்ணீர் கொடுத்தாள்.

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நம்ம கண்ணுக்காரம்மாவுக்கு வயிறு எரிந்தது. அந்தக் கோணல் கண்ணைப் பார்த்து ஒருத்தி அழுகிறாள். தன் சீட்டைப் பார்த்துக் கல்யாண போட்டோ என்கிறாள்.

*

"என்னுதுல யாரும் யாரையும் பாக்கல. அதானே டீச்சர்?"

"ஆமா அக்கா."

"பாக்கணும்னா பக்கவாட்டுல திருப்பணும்."

"ஆமா."

"திருப்பினா ஒத்தக் கண்ணுதான் தெரியும்."

"ஆமா."

"எழுத மாட்டேன்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணு ரெண்டையும் ஒரே இருப்புல எழுதணும் டீச்சர். ஒண்ணை எழுதிட்டு எழுந்திரிக்கக் கூடாது. எழுந்திரிச்சா அந்தப் பொம்மை குருடு. எங்க மாமியார் செத்துப்போன சேதி வந்தப்பக்கூட இன்னொரு கண்ணை எழுதிட்டுத்தான் நான் எழுந்திரிச்சேன். ஒத்தக் கண்ணோட ஒரு உருவத்தை என் கை வெளிய அனுப்பாது."

"அப்ப எழுதாதீங்க."

டீச்சர் காப்பி போடப் போய்விட்டாள்.

வாக்குவாதம் செய்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வழியெல்லாம் அவள் டீச்சரைத் திட்டிக்கொண்டே போனாள். பாதி வழியில் தன்னைத் திட்ட ஆரம்பித்தாள். அந்த நாற்காலி கைநழுவுகிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் பெயரும் அதோடு போகிறது.

*

வழியைக் காட்டியது பிரஷ் கழுவுகிற டம்ளர்.

ஒருநாள் வேலை முடிந்து பிரஷ்ஷை அதில் முக்கப் போனவள் அப்படியே நின்றாள். கறுப்புத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது. அவளுடைய கண்தான்.

அடுத்த முறை பன்னிரண்டு சீட்டுகளோடு வந்தாள்.

கோப்பை ராஜா பக்கவாட்டில் திரும்பிக் கோப்பைக்குள் குனிந்திருந்தார். முகத்தில் ஒரு கண். இன்னொன்று கோப்பைத் தண்ணீருக்குள்ளிருந்து அவரையே பார்த்தது. வாள் ராணியின் இன்னொரு கண் வாளின் பளபளப்பில் இருந்தது, அது மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது. காசு ராஜாவுக்கு அவளுடைய முதலாளியின் தொப்பை. அவர் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குள் அவர் கண் இருந்தது. சேவகர்கள் தண்ணீரிலும் இரும்பிலும் தங்கத்திலும் தங்கள் முகத்தை முதன்முதலாகப் பார்த்து வாய் பிளந்திருந்தார்கள்.

டீச்சர் ஒவ்வொன்றாக வைத்தாள். வைக்க வைக்க அவள் கை மெதுவாயிற்று.

"அக்கா," என்றாள்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. சிஷ்யைக்கு உடம்பெல்லாம் பெருமை ஓடியது. அதை மறைக்க அவள் முயலவும் இல்லை.

"கோல் வீடு?" என்று டீச்சர் கேட்டாள்.

பெருமை அப்படியே வடிந்துவிட்டது.

"கட்டையில எப்படி டீச்சர் முகம் தெரியும்? எண்ணெய் தடவிப் பாத்தேன். வார்னிஷ் அடிச்சும் பாத்தேன்."

"தெரியாது."

"அப்ப நான் என்ன பண்றது?"

டீச்சர் பன்னிரண்டு சீட்டையும் அடுக்கி அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"கோல் வீட்டுக்காரங்களுக்குக் கண்ணாடி எதுக்கு அக்கா?"

*

நவராத்திரி நெருங்கிவிட்டது. பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை.

கண்ணுக்காரம்மாவின் மடியில் ஒரு மீனாட்சி. வலது கண் எழுதியாயிற்று. இடது கண்ணுக்குப் பிரஷ்ஷை எடுக்கும்போது வாசலிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

"கண்ணுக்காரம்மா! சென்னையிலேர்ந்து பெரிய பார்ட்டி வந்திருக்காங்க. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

"வர முடியாது."

"ஒரு நிமிஷம்மா!"

"ஒத்தக் கண்ணுல இருக்கேன். வேணும்னா அவங்களை இங்க வரச் சொல்லுங்க."

கூழ் கிளறுகிற ராசேந்திரன் கட்டையைப் பிடித்தபடி நின்றார். பசை காய்ச்சுகிற பெண் குச்சியை எடுக்க மறந்தாள்.

வாசலில் முணுமுணுப்பு. பிறகு பெரிய பார்ட்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். முதலாளியும் பின்னால் வந்தார். எல்லோரும் அவளைச் சுற்றி நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் இடது கண்ணை எழுதுவதைப் பார்த்தார்கள்.

எழுதி முடித்தாள். மீனாட்சி பார்த்தாள்.

அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். கையில் சீரோ நம்பர் பிரஷ். மெல்லிய மரக்குச்சி, நுனியில் நாலைந்து மயிர். பிறகு ராசேந்திரன் கையில் இருந்த கட்டையைப் பார்த்தாள். பசைக் குச்சியைப் பார்த்தாள். எல்லாம் கோல்.

முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட வேலையின் நடுவே அவள் தன் முகத்தைப் பார்க்க நினைத்ததில்லை.

"என்னம்மா சிரிக்கிறீங்க?" என்றார் முதலாளி.

*

பதினாறு சீட்டுகளோடு மாடியேறினாள்.

"பேரு எங்க?" என்றாள் டீச்சர். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் பெயருக்கு விட்ட இடம் காலியாக இருந்தது.

"அதை எங்க உக்காந்து எழுதணுமோ அங்க உக்காந்து எழுதுவேன்."

டீச்சர் கோல் வீட்டை விரித்தாள்.

சேவகன் ஒரு பெண். பசைச் சட்டியில் குச்சியை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். குதிரைக்காரன் டி.வி.எஸ். வண்டியில் போனான், பின்னால் கழியில் கட்டிய பொம்மைகள். ராஜாவுக்குக் கிரீடம் இல்லை, தலையில் ஈரத் துண்டு. கூழ்த்தொட்டிக்குள் கட்டையை ஊன்றி நின்றார். அந்த நிற்பில் ஒரு நாடே இருந்தது. மூவரும் பக்கவாட்டில் திரும்பி ஒற்றைக் கண்ணால் தங்கள் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ராணி.

குட்டை மணையில் ஒருத்தி. நரைத்த கொண்டை. முழுக்கப் பக்கவாட்டு முகம், ஒரே கண். உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. நீட்டிய கையில் பிரஷ். பிரஷ்ஷின் நுனி சீட்டின் விளிம்பைத் தொட்டு நின்றது. அதற்கு அப்பால் படம் இல்லை.

டீச்சர் விளிம்பையே பார்த்தாள்.

"இவங்க இன்னொரு கண்ணு எங்க?"

"எழுதல."

"ஒத்தக் கண்ணோட அனுப்ப மாட்டேன்னீங்களே?"

"எழுந்திரிச்சாத்தான் குத்தம் டீச்சர். இந்த வீட்டுல யாரும் எழுந்திரிக்கல."

"யாருக்குக் கண்ணு எழுதுறா?"

"பக்கத்துல யாரை வைக்கிறீங்களோ அவங்களுக்கு."

டீச்சர் தன் பழைய சீட்டுக்கட்டை எடுத்தாள். தேடினாள். அன்றைக்கு முதன்முதலாக இவள் பார்த்துக் குறை சொன்ன ராணி கிடைத்தாள். ஒரு கண் மேலே ஏறி, ஒரு கண் கீழே இறங்கி.

அதைக் கோல் ராணியின் பக்கத்தில், விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தாள்.

பிரஷ்ஷின் நுனி கீழே இறங்கிய அந்தக் கண்ணைத் தொட்டது.

டீச்சரின் கண் கலங்கியிருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

பிறகு எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்தாள். மர நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது.

சிஷ்யை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். போய் உட்கார்ந்தாள். நாற்காலி லேசாக முனகியது. பையிலிருந்து சீரோ நம்பர் பிரஷ்ஷையும் மைக்குப்பியையும் எடுத்தாள். கோல் ராணியின் மணைக்கு அடியில், காலியாக விட்டிருந்த இடத்தில், அவசரமே இல்லாமல் எழுதினாள்.

டீச்சர் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அஞ்சலாட்சி." நிமிர்ந்தாள். "யாரு அக்கா இது?"

"உங்களுக்குச் சீட்டுப் பாக்கப் போறவ. கலைங்க."